பச்சையாகத்தான் இருக்கிறான்

எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடாத நாட்கள் உண்டு. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாக நின்ற மாதங்களும் உண்டு. ஆனால் கூண்டுக்குள் இருந்த பல்லிக்கு மட்டும் வெளிச்சம் ஒரு நாளும் குறைந்ததில்லை. யாங்கூனில் இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் தகடு மாட்டிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். கரண்ட் பாதி நாள் இல்லாமல் நல்ல பேட்டரிக்கு ஊரே அடித்துக்கொள்கிற காலத்தில், நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒன்றை என் மனைவி எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கூண்டு விளக்குக்கு மாட்டிவிட்டாள்.

"மனுஷனுக்கு இல்லாத சொகுசு பல்லிக்கா?" என்று கத்தினேன்.

"நமக்கு வேர்த்தா துடைச்சுக்கலாங்க. அவனுக்கு அந்த வெளிச்சம் இல்லன்னா எலும்பு வளைஞ்சு போயிரும்" என்றாள்.

என் கத்தல் அவள் காதில் விழாது. கல்யாணமான புதிதிலேயே அந்தக் காதை அவள் அடைத்துக்கொண்டுவிட்டாள்.

அதைப் பல்லி என்று நான் சொல்வதுதான் அவளுக்குப் பொறுக்காது. அது அனோல் என்ற வகை. அதிலும் பெரியது, மரத்திலேயே பிறந்து மரத்திலேயே சாகிற சாதி. கியூபா தீவில் இருப்பதாம். எங்களிடம் வந்தது பாங்காக்கில் யாரோ கூண்டிலேயே பொரிக்கவைத்து வளர்த்தது. வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்குக் குறையாது. வாழையிலைப் பச்சை. கண்ணுக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு, தோளில் ஒரு மஞ்சள் கோடு. கோபம் வந்தால் பிடரி எழும்பும், வாய் திறக்கும், தொண்டைத் தோல் விசிறி மாதிரி விரிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். பயந்தாலோ, குளிர்ந்தாலோ, உடம்புக்கு முடியாவிட்டாலோ பச்சை போய் அழுக்குப் பழுப்பு வந்துவிடும். எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு நிறத்தில்தான் போய் நின்றது.

வந்தது ஜோடியாக. குடும்பத்தோடு பாங்காக்குக்குக் குடிபெயர்ந்த ஒருவர் வீட்டில் இன்வெர்ட்டரைக் கழற்றப் போனேன். கம்பிச் சுருளைப் பிடித்துக்கொள்ள அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். வீடு காலியாகிக் கிடந்தது. கூடத்தில் ஆளுயரக் கூண்டு மட்டும் நின்றது. இவற்றை யாரிடம் விட்டுவிட்டுப் போவதென்று தெரியவில்லை என்றார் அவர். நான் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆண் ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் என்னையும் பார்த்தது என்றும், என்னைப் பார்த்த கண் உடனே மூடிக்கொண்டது என்றும் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் வீடு யாங்கூனின் அலோன் பகுதியில், படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி. கடைசி மாடி. லிஃப்ட் கிடையாது. அந்தக் கூண்டை ஏற்றிய அன்று என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்த பர்மியர்கள் உடனே மூடிக்கொண்டார்கள். உடும்பு வீட்டுக்குள் வந்தால் குடும்பம் நொடித்துப்போகும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. இது உடும்பு இல்லை, இது உடும்பு இல்லை என்று அவள் மாடிக்கு மாடி நின்று விளக்கம் சொன்னாள். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உடனே பல்லியைப் பிள்ளையாக வளர்த்தார்கள் என்று முடிச்சுப் போட வேண்டாம். அவள் அப்படி நினைத்ததே இல்லை. "இதுக்கு நம்மளப் பிடிக்காதுங்க. தொட்டாக்கூடப் பிடிக்காது. நாம பாத்துக்கிட்டாப் போதும்" என்பாள். பதிலுக்கு ஒன்றும் திரும்பி வராத இடத்தில் அன்பு வைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னோடு குடித்தனம் நடத்திய பழக்கமாக இருக்கலாம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அவை குடிக்காது. இலையில் துளித்துளியாகத் தொங்க வேண்டும், அதைத்தான் நக்கும். காலையில் எழுந்ததும் எனக்குத் தேநீர் போடுவதற்கு முன்னால் தெளிப்பானை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போய்விடுவாள். வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் இருவருமாகக் கூண்டை மொட்டை மாடிக்குத் தூக்குவோம். தீனிக்குச் சில்வண்டு. அதை எண்ணெயில் பொரித்துத் தெருவில் கூறு போட்டு விற்கிற ஊர் இது. இவள் மட்டும் உயிரோடு வேண்டும் என்பாள். அப்படி வாங்கி என்ன செய்கிறாய் என்று விற்கிற அம்மா கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்காரர் அப்படியே சாப்பிடுவார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. நான் தெருவில் போனால் கூடையை மூடுவாள். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கவிட்டிருக்கும் கயிற்றின் நுனியில் சில்வண்டுப் பையை மாட்டிவிட்டு ஒரு இழு இழுப்பாள், மேலே மணி அடிக்கும், என் மனைவி சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

பெட்டை முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டது. முட்டை இறங்காமல் வயிறு உப்பி, பழுப்பாகி, கிளையை விட்டுத் தரைக்கு வந்து படுத்துக்கொண்டது. மரத்தை விட்டு இறங்காத சாதி இறங்கிவிட்டால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். நாய், பூனை பார்க்கிற மருத்துவர் கையை விரித்துவிட்டார். மொட்டை மாடிக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம். இனிமேல் ரசத்துக்கு இலை பறிக்க எனக்கு மனசு வராது என்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போனேன். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பேட்டரிக்காக நான் கத்தவில்லை.

ஆண் தனியாக இருந்தான். அந்த மழையில் கூண்டுக்குள் இருந்த வழவழப்பான கொய்யாக் கிளை பூஞ்சை பிடித்துவிட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, தடித்த மாங்கிளை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள். கொய்யாக் கிளையில் இருந்த காலத்து ஜோடியை நினைக்காமல் இருக்கட்டும் என்றாள். பல்லிக்கு நினைப்பு ஏது என்று கேட்டேன். "எனக்கு இருக்கே" என்றாள்.

பிறகு ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கே சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்றுப்புண் என்று நினைத்தோம். கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு அவளோடு இருந்தேன். வீட்டுச் சாவியை அவளுடைய தங்கையிடம் கொடுத்தேன்.

தங்கை ஊரின் மறுகோடியில், தாகேதாவில் இருப்பவள். தையல் தொழிற்சாலையில் வேலை, தனி ஆள். தாய் போன பிறகு என் மனைவிதான் அவளைத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினாள். தமிழை வேகமாகவும் பர்மிய வார்த்தை கலந்தும் பேசுவாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசாமல் வெளியே வரமாட்டாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், சனிக்கிழமை புத்தர் பகோடா, இரண்டிலும் அதே பக்தி. பர்மாத் தமிழர்களான எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், அதில் யாரும் குறை காண்பதில்லை. பல்லியென்றால் அவளுக்கு நடுக்கம். இடுக்கியில் சில்வண்டைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள். ஆனாலும் அக்கா சொன்னது என்பதற்காகத் தாகேதாவிலிருந்து இரண்டு பஸ் மாறித் தினமும் வந்தாள். அதை நான் மறுக்கவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணையம் என்றார். ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, மழைக்காலம் முடியும்வரை இருந்தால் அதிகம் என்றார். நான் தலையை ஆட்டினேன். பேட்டரியில் எத்தனை ஆம்பியர் மிச்சம் என்று ஊருக்கெல்லாம் கருவியை வைத்துப் பார்த்துச் சொல்கிறவன், இதை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போய் மனைவியிடம், வீக்கம்தான், வடிந்துவிடும் என்றேன். தங்கையிடமும் அதையே சொன்னேன். சொல்லி அவர்களை அழவைத்து, அந்த அழுகையை உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கூண்டு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாங்கிளையில் யாரும் இல்லை. தங்கை குளித்து, புதுப் புடவை கட்டி, தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கே அவன்?"

"விட்டுட்டேன் அத்தான்" என்றாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"விட்டுட்டேன்னா?"

"அக்கா சனிக்கிழமை பொறந்தது. சனிக்கிழமைக்கு நாகந்தானே அத்தான்? நாக சாதிய வீட்டுக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டு அக்காவுக்கு எப்பிடி உடம்பு நல்லாகும்? ஜோசியம் பாக்குற சயாகிட்ட கேட்டேன். உசுர விட்டா உசுரு கிடைக்கும்னாரு. காலையில பகோடாவுல அக்கா மூலையில தண்ணி ஊத்திட்டு, எங்க தெரு மடத்துல பெரிய மரம் இருக்குல்ல, அதுல ஏத்தி விட்டேன். குத்தோ எல்லாம் அக்காவுக்குத்தான்."

குத்தோ என்றால் புண்ணியம். பர்மாவில் பிறந்த கிழமைக்கு ஒரு மிருகமும் பகோடாவில் அதற்கென்று ஒரு மூலையும் உண்டு, சனிக்கிழமைக்கு நாகம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சந்தையில் மீனோ குருவியோ வாங்கி விடுதலை செய்வார்கள், அந்த உயிர் இந்த உயிருக்குச் சேரும் என்று. இதெல்லாம் எனக்கும் தெரியும். என் அம்மாவுக்காக நானே ஆற்றில் விலாங்கு விட்டிருக்கிறேன். பல்லியைப் பார்த்தாலே நடுங்குகிறவள், ஒரு முழப் பல்லியைக் கையால் பிடித்து, கடி வாங்கி, துணிப்பையில் போட்டு, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோயிருக்கிறாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பார்த்தும் நான் நிறுத்தவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உன் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசையையும் பிடுங்கிவிட்டாயே என்றேன். அது கூண்டிலேயே பிறந்தது, அதற்கு மரம் தெரியுமா, மழை தெரியுமா என்று கத்தினேன்.

"மரத்துல இருக்குற சாதின்னு அக்காதான் சொல்லிச்சு" என்றாள் மெதுவாக.

தெளிப்பானை எடுத்துக்கொண்டு தாகேதாவுக்குக் கிளம்பினேன்.

மடத்து வளாகத்தில் நின்றது தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் தெருவே அடங்கும். அவ்வளவு இலையில் ஒரு பச்சைப் பல்லியைத் தேடுகிறவன் முட்டாளாகத்தான் இருக்க வேண்டும். எட்டுகிற கிளைகளில் தண்ணீர் தெளித்தேன், தாகத்துக்கு வருவான் என்று. வானமே தூறிக்கொண்டிருக்கும்போது என் தண்ணீருக்கு யார் வருவார்கள்? துறவி ஒருவர் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். இங்கே எதையும் யாரும் அடிக்கமாட்டார்கள், கவலைப்படாதே என்றார். மேலே காகங்கள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குப் போனீங்களே, அவன் எப்பிடி இருக்கான்? பச்சையா, பழுப்பா?"

"பச்சையாத்தான் இருக்கான்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

அதன்பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. மருந்து ஏற்றுகிற பெண் வந்து போவாள், நான் போர்வையைச் சரி செய்வேன், மனைவி பச்சையா என்று கேட்பாள். நான் பச்சை என்பேன். சாப்பிட்டானா, விளக்கு எரிகிறதா, தொண்டையை விரித்துக் காட்டினானா என்பாள். என் முகத்தைப் பார்த்துத் தொண்டையை விரித்தான் என்று ஒரு நாள் சொன்னேன். உங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் சண்டைக்கு வரத் தோன்றாது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அடுத்த நாள் இன்னொரு பொய் தயாரித்துக்கொண்டு போனேன்.

தங்கையோடு நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். அவள்தான் தினமும் எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள், காலையில் போனும் செய்வாள். "அத்தான், வேலைக்குப் போறப்பப் பாத்தேன். உச்சிக் கிளையில. பச்சையா இருந்துச்சு." சரி என்று வைத்துவிடுவேன். போட்டோ எடுத்து அனுப்பு என்று ஒரு தடவை அதட்டினேன். உயரத்தில் இருக்கிறது, போனில் தெரியாது என்றாள். நான் பாதி நம்பினேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் மனைவியிடம் முகம் மாறாமல் பேச முடிந்தது. அவள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தும், வந்தால் காட்டுவதற்கு அவன் அந்த மரத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷ மூளைக்கு வெட்கமே கிடையாது.

ஒரு நாள் மனைவி, "ஒரு போட்டோ காட்டுங்களேன்" என்றாள்.

இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். போனில் பழைய படம் நிறைய இருந்தது. பச்சைப்பசேல் என்று அவன் தெளிவாகத் தெரிகிற ஒன்றை எடுத்து, காலையில் பிடித்தது என்று நீட்டினேன். அவள் போனை மார்பின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு சம்பந்தமும் இல்லாமல், "தங்கச்சியத் திட்டாதீங்க. அது எது செஞ்சாலும் எனக்காகத்தான் செய்யும்" என்றாள்.

நான் எங்கே திட்டினேன் என்று எரிந்து விழுந்தேன். தங்கை கோள் மூட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். அவன் கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து நின்றுகொண்டு எனக்கு இடம் விட்டார்.

மறுநாள் போனபோது என் முகத்தை அவள் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள், "பச்சையாத்தானே இருக்கான்?" கேள்வி மாறியிருந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்கு வழி விட்டிருந்தாள். ஆமாம் என்றேன். கடைசிவரை அவள் அப்படியே கேட்டாள், நானும் அப்படியே சொன்னேன்.

அவள் போனது ஒரு மத்தியானம். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதில் கனம் ஏறியது. அதே நேரத்தில் வெளியே கரண்ட் வந்தது. "மீ லாபி!" என்று சுற்றியுள்ள தெருக்களில் ஒரே ஆரவாரம். விளக்கு வந்துவிட்டது என்று ஊரே சேர்ந்து போடுகிற கூச்சல் அது. எனக்கு எப்போதும் பிடித்த சத்தம். அன்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். தங்கை அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சத்தமே போடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தை வீட்டிலேயே செய்தோம். ஐயர் வந்து, சடங்கெல்லாம் முடிந்து, காகத்துக்கு வைக்க இலையில் சாதம் தந்தார். போனவர் காகமாக வந்து சாப்பிட்டால்தான் நாம் சாப்பிட வேண்டும். மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். காலிக் கூண்டு அங்கேதான் நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே மேலே தூக்கி வைத்திருந்தேன். உறவுக்காரர்கள் மொட்டை மாடி வாசலில் நின்றார்கள். கா, கா என்று கூப்பிட்டேன்.

யாங்கூனில் காகத்துக்குப் பஞ்சமா? உடனே ஒன்று தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. தத்தித் தத்திச் சுவருக்கு வந்தது. எல்லோரும் கை கூப்பினார்கள். அந்த நேரத்தில் என் காதை உரசிக்கொண்டு ஒரு கல் பறந்தது.

தங்கைதான். "போ! போ சனியனே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து இன்னொரு கல்லை எடுத்தாள். காகம் பறந்துவிட்டது. இலை கவிழ்ந்து சாதம் சிதறியது. வாசலில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஒரு பிடி சோறு போய்ச் சேரவிடாமல் பண்ணிவிட்டாளே என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். எனக்கு ஏறிய கோபத்தில், அத்தனை நாள் உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. எல்லோரையும் கீழே போகச் சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"பல்லியையும் விட்டாச்சு. இப்ப அவளுக்குச் சோத்தையும் விடமாட்டியா? உனக்கு என்னதான் வேணும்?"

அவள் கல்லைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"காக்காதான் அத்தான் தின்னுச்சு."

"எதை?"

"அவன. மறுநாளே. காலையில பாத்துட்டு வரலாம்னு மடத்துக்குப் போனேன். மரத்தடியில மூணு காக்கா. விரட்டிட்டுப் பாத்தா..." கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே, "பழுப்பா இருந்தான் அத்தான். ஒரு பக்கம் இல்ல. என் துண்டுல சுத்தி அங்கயே பொதைச்சேன்" என்றாள்.

"தினமும் பாத்தேன்னு சொன்னியே."

"எப்பிடிச் சொல்லுவேன்? அக்கா உசுருக்காக விட்ட உசுரு. சனிக்கிழமை விட்டேன். சனி வாகனமே வந்து தூக்கிட்டுது. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அக்கா பொழைக்காதுன்னு. நான் வாயத் தொறந்து சொன்னா அது நெசமாயிரும்னு பயந்தேன். பச்சையா இருக்கான், பச்சையா இருக்கான்னு தினமும் சொன்னா சாமி மனசு மாறும்னு பாத்தேன். நாந்தானே அத்தான் அக்காவக் கொன்னேன்?"

ஆஸ்பத்திரி நாட்கள் முழுக்க இந்தப் பெண் எதைச் சுமந்துகொண்டு எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. பர்மிய நாகம் ஒரு பக்கம், நம் ஊர்ச் சனி ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து அவளை நடுவில் வைத்து நசுக்கியிருந்தன. நானோ அவளோடு பேசாமல் இருந்து தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரும்மா" என்றேன். "நீ கூண்டத் தொறக்குறதுக்கு முன்னாடியே டாக்டரம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. மழை தாண்டாதுன்னு. வீக்கமெல்லாம் இல்ல. கேன்சர். நீயும் காரணமில்ல, காக்காவும் காரணமில்ல."

அவள் என்னையே பார்த்தாள்.

"முன்னாடியேவா?"

"ஆமா."

"அப்ப எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேனே அத்தான். அவன் இருந்திருப்பானே. அக்காகிட்டக் கொண்டுபோயாவது காட்டியிருக்கலாமே."

நான் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாங்கிளை காய்ந்து, இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா, நான் விட்டது?"

"நான் சொல்லல. ஆனா தெரிஞ்சுக்கிட்டா. உன்னத் திட்டக்கூடாதுன்னு சொன்னா. எது செஞ்சாலும் எனக்காகத்தான் செய்யும்னா."

அப்போதுதான் அவள் அழுதாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு, அக்கா அன்று அழுத அதே இடத்தில், அதே மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேற்ற எனக்கு வராது. முதுகில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

கீழேயிருந்து, நேரமாகிறது, யாரும் இன்னும் சாப்பிடவில்லை என்று குரல் கொடுத்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா அக்கா கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"பச்சையாத்தான் இருக்கான்னேன்."

தலையை ஆட்டினாள். சிதறிய சாதத்தில் மண் படாததை இடது கையால் பொறுக்கி இலையில் சேர்த்து, சுவரில் வைத்தாள். வலது கையில் கல் அப்படியே இருந்தது. காகம் தண்ணீர்த் தொட்டிமேல் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அது அவளைப் பார்த்தது.

"அக்கா பசியோட இருக்கும்" என்றாள்.

பிறகு அவளே கா, கா என்று கூப்பிட்டாள். காகம் இறங்கி, இலையின் ஓரத்தில் நின்று, சாதத்தைக் கொத்தியது. அவள் அசையாமல் நின்று, அது சாப்பிடுவதைப் பார்த்தாள். அது சாப்பிட்டு முடித்துப் பறந்த பிறகுதான் கையைத் திறந்தாள்.